‘நிபுணரை அணுகவும்’னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மனநலத்தப் பத்தி வர்ற கட்டுரைய எல்லாம் நான் ஒண்ணு விடாம படிக்கிறவன். டிப்ரஷன்னா என்ன, பேனிக் அட்டாக் வந்தா உடம்பு என்னல்லாம் பண்ணும்னு விவரமா போடுறீங்க, நல்லாவே இருக்கு. ஆனா எல்லாக் கட்டுரையும் கடைசியில வந்து நிக்கிறது ஒரே வரியிலதான், ‘தகுந்த மனநல நிபுணரை அணுகவும்’. அணுகினா என்ன நடக்கும், உள்ள போனா என்ன கேப்பாங்க, நாம என்ன கேக்கலாம், எத்தன நாள் போகணும், அவங்கள நமக்குப் பிடிக்கலன்னா என்ன பண்றது, இதப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒரு வரிய மட்டும் நம்பிப் போயி மூணே செஷன்ல ஓடி வந்து ரெண்டு வருஷத்த வீணாக்கினவன் நான், அதனாலதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஆரம்பிச்சது நெஞ்சு படபடப்புலதான். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வரும், நெஞ்சு அடிக்கிற அடியில இன்னையோட கதை முடிஞ்சுதுன்னே தோணும், விடியற வரைக்கும் சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பேன். நெஞ்சுல கோளாறோன்னு ஒரு டாக்டர்ட்ட போனேன், ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். அந்த டாக்டர் ஒரு நல்ல காரியம் பண்ணினார், தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாத்துக்கும் டெஸ்ட் எழுதிக் குடுத்தார். தைராய்டு அதிகமா சுரந்தாலே படபடப்பும் பதட்டமும் வரும், கம்மியா சுரந்தா ஆளே மந்தமாயி டிப்ரஷன் மாதிரியே இருக்கும். இத பார்க்காம மனசப் பத்தி மாசக்கணக்கா பேசிக்கிட்டிருந்தா தைராய்டு சரியாகாது. அதனால தெரபிக்கு, அதாவது பேசிப் பேசியே மனச சரி பண்ற சிகிச்சைக்கு, போறதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை. எனக்கு அதுவும் நார்மல். அப்பதான் அவர், ‘மனசுக்குப் பார்க்கிறவங்கள பாருங்களேன்’னார்.

யாரப் பார்க்கிறதுன்னு தேடினா தலை சுத்திச்சு. சைக்கியாட்ரிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட், லைஃப் கோச், எல்லாரும் ஒண்ணுதான்னு நெனச்சேன். இல்ல. சைக்கியாட்ரிஸ்ட் டாக்டருக்குப் படிச்சிட்டு அதுக்கு மேல மனநலம் படிச்சவர், மாத்திரை எழுதுவார், பல பேர் நேரம் இல்லாததால தெரபி பண்றதில்ல. சைக்காலஜிஸ்ட் உளவியல் படிச்சவர், டெஸ்ட் எடுப்பார், தெரபி பண்ணுவார், பெரும்பாலான நாடுகள்ல அவர் மாத்திரை எழுத முடியாது. கவுன்சிலர்னு சொல்றவங்கள்ல முறையா பல வருஷம் படிச்சு பயிற்சி எடுத்தவங்களும் இருக்காங்க, ரெண்டு நாள் ஆன்லைன் கோர்ஸ்ல சர்டிபிகேட் வாங்கி மாட்டினவங்களும் இருக்காங்க, ஏன்னா நிறைய இடத்துல அந்தப் பேரப் போட்டுக்க யாரும் யார்ட்டயும் கேக்க வேண்டியதில்ல. ‘நீங்க என்ன படிச்சிருக்கீங்க, எங்க பதிவு பண்ணியிருக்கீங்க, என் மாதிரி பிரச்சனை உள்ளவங்கள இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா’ இந்த மூணையும் போன்லயே கேக்கலாம், தப்பே இல்ல. ஒழுங்கா படிச்சவங்க சந்தோஷமா பதில் சொல்லுவாங்க, கோவப்பட்டாங்கன்னா அதுவே ஒரு பதில்தான்.

நடுவுல ஒரு சின்ன விஷயம். இதுக்குத் தமிழ்ல ஒழுங்கா ஒரு பேரு கூட நமக்குள்ள பழகல. ‘பேச்சு சிகிச்சை’க்கு போறேன்னு என் ஃப்ரெண்ட் ஒருத்தன்ட்ட சொன்னேன், ‘ஏண்டா, நீ நல்லாத்தானே பேசுற’ன்னான். திக்கிப் பேசுறவங்களுக்குக் குடுக்கிற பயிற்சின்னு நெனச்சிருக்கான். உளவியல் சிகிச்சைன்னு சொன்னா பயந்துடுறாங்க. அதனால நான் தெரபின்னே சொல்லிடுறேன்.

சரி, முதல் தடவை போனது ஒரு மேடம்ட்ட. தப்பானவங்கன்னு சொல்ல மாட்டேன், இப்ப யோசிச்சா நல்லவங்கதான். நான் என்ன எதிர்பார்த்துப் போனேன்னா, என் கதைய சொல்லுவேன், அவங்க கேட்டுட்டு ‘இதப் பண்ணு, அதப் பண்ணாத’ன்னு சீட்டு எழுதுற மாதிரி எழுதிக் குடுப்பாங்க, ஒரு மாசத்துல சரியாயிடும். அவங்க ஒண்ணும் சொல்லல. ‘ம்’னாங்க. ‘அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு’ன்னாங்க. திரும்ப ‘ம்’. எனக்கு எரிச்சல். ரெண்டாவது செஷன்லயும் அதே. மூணாவது செஷன்ல பேச்சு நடுவுல மணியப் பார்த்தாங்க, எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு, ஆனா வெளிய சிரிச்சுக்கிட்டே ‘ரொம்ப நன்றி மேடம், ரொம்ப உபயோகமா இருக்கு’ன்னு சொல்லிட்டு வந்தேன் பாருங்க, அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. நாலாவது வாரம் வேலை இருக்குன்னு மெசேஜ். அஞ்சாவது வாரம் போன எடுக்கல. தெரபி நமக்கு செட் ஆகலன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு ரெண்டு வருஷம் அந்த ராத்திரி ரெண்டு மணியோடயே குடித்தனம் நடத்தினேன்.

நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சிருந்தேன். 2016ல ஒரு ஆய்வு வந்திருக்கு, தெரபிக்குப் போன 547 பேர்ட்ட கேட்டதுல 93 சதவீதம் பேரு தெரபிஸ்ட்ட்ட ஒரு பொய்யாவது சொல்லியிருக்கோம்னு ஒத்துக்கிட்டாங்களாம். அதுல அதிகம் பேர் சொன்ன பொய் எதுன்னா, தன் கஷ்டத்தக் கொறச்சுச் சொன்னது, ‘அவ்வளவு மோசமில்ல, பரவால்ல’ன்னு. தெரபி உதவாதப்பவே உதவுதுன்னு நடிச்சவங்களும் கணிசம். சரி, நாம சொல்லாட்டியும் அனுபவசாலி கண்டுபிடிச்சிடுவாங்களேன்னா, அதுவும் நடக்கல. 2005ல வெளியான இன்னொரு ஆய்வுல 550 பேர் சிகிச்சையில இருந்தாங்க, இவங்கள்ல யாரு மோசமாகப் போறாங்கன்னு அவங்க தெரபிஸ்டுங்களயே கணிக்கச் சொன்னாங்க, மூணு பேர்னு சொன்னாங்க, கடைசியில மோசமானவங்க 40 பேர், அந்த மூணுலயும் ஒண்ணுதான் சரி. மனசப் படிக்கிறவங்கன்னு நாம நெனச்சுக்கிட்டிருக்கோம், அவங்களுக்கு நம்ம மூஞ்சில எழுதியிருக்கிறதுதான் தெரியும், நான் மூஞ்சில சிரிப்பு எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இது இன்னைக்கு நேத்து கதை இல்ல சார், இந்தத் தொழில் பொறந்தப்பவே இருக்கு. 1880ல இருந்து 82 வரைக்கும் வியன்னாவுல யோசஃப் ப்ராயர்னு ஒரு டாக்டர் ஒரு இளம்பெண்ணப் பார்த்துக்கிட்டிருந்தார். அந்தப் பொண்ணுதான் இப்படி பேசிப் பேசி மனசு லேசாகிறதுக்கு, ‘பேச்சால குணமாக்கிறது’ன்னு இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சுது, வெளையாட்டா ‘புகைபோக்கி சுத்தம் பண்றது’ன்னும் சொல்லிச்சு. அதாவது தெரபிக்கு முதல்ல பேரு வச்சதே ஒரு பேஷன்ட்தான். 1895ல ப்ராயரும், பிற்பாடு மனசப் பத்தின ஆராய்ச்சியில பேர்போன சிக்மண்ட் ஃப்ராய்டும் சேர்ந்து போட்ட புத்தகத்துல அன்னா ஓ-ன்னு பேர மாத்தி அந்தப் பொண்ணு கதைய எழுதினாங்க, நல்லா குணமாயிட்ட மாதிரி. ஆனா 1882லயே, ப்ராயர் சிகிச்சைய முடிச்ச கையோட, அந்தப் பொண்ண சுவிட்சர்லாந்துல ஒரு சானடோரியத்துல, அதாவது தங்கியிருந்து சிகிச்சை எடுக்கிற இடத்துல, சேர்த்திருக்காங்க, அதுக்கப்புறமும் சில தடவை சேர்க்க வேண்டியிருந்திருக்கு. இந்தப் பழைய ரெக்கார்ட எல்லாம் 1970கள்லதான் தேடி எடுத்தாங்க. நல்லவேளை அந்தம்மா கதை அதோட முடியல, பெர்த்தா பாப்பன்ஹைம்ங்கிற தன் சொந்தப் பேர்ல பெரிய சமூக சேவகியாகி, 1904ல ஜெர்மனியில யூதப் பெண்கள் சங்கத்த ஆரம்பிச்சாங்க. நான் இத எதுக்கு சொல்றேன்னா, குணமாயிட்டீங்களா இல்லையாங்கிறதுக்கு டாக்டரோட நோட்டு மட்டும் சாட்சி இல்ல.

ரெண்டாவது தடவை போனப்ப கொஞ்சம் படிச்சுட்டுப் போனேன். எத்தன வகை இருக்குன்னு பார்த்தா அதுவே ஒரு காடு. சிபிடின்னு (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, நெனப்பையும் நடத்தையையும் மாத்துற முறை) எல்லாரும் சொல்றது 1960கள்ல ஏரன் பெக்னு ஒரு டாக்டர் உருவாக்கினது. அவரு ஃப்ராய்டு வழியில பயிற்சி எடுத்தவர்தான், ஆனா தன் பேஷன்ட்டுங்க ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’, ‘எல்லாம் நாசமாப் போகும்’னு மின்னல் மாதிரி வந்துபோற நெனப்புங்கள கவனிக்காமயே நம்பிக்கிட்டிருக்காங்கன்னு பார்த்து, அந்த நெனப்பப் பிடிச்சு நிறுத்தி ‘இதுக்கு என்ன ஆதாரம்’னு கேக்கிற மாதிரி அமைச்சார். இதுல ஹோம்வொர்க் உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேசிட்டு மிச்ச நேரத்துல மறந்துட்டா ஒண்ணும் நடக்காது, நோட்டுல எழுதணும், பயந்து ஒதுங்கின வேலைய கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு பார்க்கணும். சின்ன வயசுல இருந்து ஒரே மாதிரி உறவுல மாட்டிக்கிறது ஏன்னு தோண்டிப் பார்க்கிற வழி ஃப்ராய்டு பரம்பரைல வந்தது, அது மெதுவாப் போகும். என் முதல் மேடம் பண்ணினது, இப்ப புரியுது, கார்ல் ரோஜர்ஸ்னு ஒரு உளவியலாளர் காட்டின வழி. அவரு 1940கள்லயே, அட்வைஸ் குடுக்கிறது தெரபிஸ்ட் வேலை இல்ல, ஒருத்தர எடை போடாம உண்மையா கூட இருந்து கேட்டா அவரே தன் வழியக் கண்டுபிடிச்சுக்குவார்னு சொன்னவர். அந்த ‘ம்’முக்கு இவ்வளவு பெரிய பின்னணி இருக்குன்னு எனக்கு யாராவது சொல்லியிருந்தா எரிச்சலாவது கொஞ்சம் கொறஞ்சிருக்கும்.

எது ஒசத்தின்னு சண்டை ரொம்ப நாளா நடக்குது. 1977ல ஸ்மித், க்ளாஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் சுமார் 375 ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. தெரபிக்குப் போன சராசரி ஆள், போகாதவங்கள்ல 75 சதவீதம் பேர விட நல்ல நிலையில இருந்தார்னு வந்துச்சு, ஆனா ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் பெரிய வித்தியாசம் வரல. அதுக்காக எல்லாத்துக்கும் எல்லாம் சரின்னு அர்த்தமில்ல. கை கழுவிக்கிட்டே இருக்கிற ஓசிடி, லிஃப்ட் பயம், நாய் பயம் இந்த மாதிரிக்கெல்லாம் பயத்த நேருக்கு நேரா, படிப்படியா சந்திக்க வைக்கிற முறைதான் நல்லா நிரூபிச்சது, அத விட்டுட்டு வருஷக்கணக்கா சின்ன வயசு ஞாபகத்தையே பேசிக்கிட்டிருந்தா கேள்வி கேக்கணும். அதனால ‘என் பிரச்சனைக்கு நீங்க எந்த முறைல பண்ணப் போறீங்க, ஏன் அது’ன்னு முதல் நாளே கேளுங்க. புரியற பாஷைல சொல்லணும், அத சொல்ல வேண்டியது அவங்க கடமை.

1979ல எட்வர்ட் போர்டின்னு ஒருத்தர் இத இன்னும் எளிமையா சொன்னார், எந்த வகை தெரபியா இருந்தாலும் மூணு விஷயம் பொருந்தணும், எங்க போறோம்கிறதுல ரெண்டு பேருக்கும் ஒப்புதல், எப்படிப் போறோம்கிறதுல ஒப்புதல், அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த மேடத்துக்கும் முதல் ரெண்டும் பேசவே இல்ல. நான் தூக்கம் வேணும்னு போனேன், அவங்க என் அப்பாவப் பத்தி கேட்டுக்கிட்டிருந்தாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இருந்திருக்கலாம், ஆனா அந்த சம்பந்தத்த நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

எத்தன நாள் ஆகும்ங்கிற கேள்விக்கு ‘அது ஆளப் பொறுத்தது’ன்னு நழுவுவாங்க, உண்மைதான், ஆனா ஒரு தோராயம் இருக்கு. 1986ல வந்த ஒரு ஆய்வுல 8 செஷன்ல சுமார் பாதிப் பேருக்கும், 26 செஷன்ல முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிஞ்சுது. சிபிடி மாதிரி முறைகள்ல வழக்கமா 12ல இருந்து 20 செஷன்னு திட்டம் போடுவாங்க. அதாவது மூணு செஷன்ல ஓடினவன் மாத்திரைய நாக்குல வச்சுப் பார்த்துட்டு துப்பினவன் மாதிரி. அதே சமயம் ஒரு 5ல இருந்து 10 சதவீதம் பேருக்கு தெரபியில இருக்கும்போதே நிலைமை மோசமாகுதுன்னும் ஆய்வுகள் சொல்லுது, இத யாரும் விளம்பரத்துல போட மாட்டாங்க. ஒரு செஷன் முடிஞ்சு வெளிய வர்றப்ப அழுகையா, கனமா இருக்கிறது சகஜம், மூடி வச்சத தொறந்தா அப்படித்தான், அன்னைக்கு நேரா ஆபீஸ் மீட்டிங்குக்கு ஓடுற மாதிரி டைம் வச்சுக்காதீங்க. ஆனா ஆறு எட்டு வாரம் ஆகியும் நாளுக்கு நாள் கீழயே போகுதுன்னா அத சகஜம்னு விடக்கூடாது, அவங்கள்ட்டயே எடுத்துச் சொல்லணும்.

கீழ போகுதா மேல வருதான்னு எப்படித் தெரியும்? மனசுக்கு தெர்மாமீட்டர் இல்லதான், ஆனா கிட்டத்தட்ட ஒண்ணு இருக்கு, பிஎச்க்யூ 9னு ஒரு தாள். ஒன்பது கேள்வி, போன ரெண்டு வாரத்துல தூக்கம், பசி, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கிறது எல்லாம் எத்தன நாள் இருந்துச்சுன்னு டிக் பண்ணணும், மொத்தம் 27 மார்க், கூடுனா மோசம். அத வச்சு மட்டும் நோய்னு முடிவு பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, ஆனா மாசத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தா திசை தெரியும். என் ரெண்டாவது தெரபிஸ்ட் நாலு வாரத்துக்கு ஒருக்கா இதக் குடுப்பார். வாயால ‘பரவால்ல சார்’னு சொல்லிட்டு தாள்ல 16 போட்டிருக்கேன், அவரு தாள என் பக்கம் திருப்பி வச்சுட்டு சும்மா பார்ப்பார்.

ரகசியம் பத்தி. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள இருக்கிற பயம் இதான், நான் சொல்றது வெளிய போகுமா. பொதுவா போகாது, ஆனா முழுசா பூட்டின பெட்டின்னும் நெனச்சுக்காதீங்க. 1969ல கலிஃபோர்னியாவுல ஒரு மாணவர், ஒரு பொண்ணக் கொல்லப் போறேன்னு தன் தெரபிஸ்ட்ட்ட சொன்னார், அவரு கேம்பஸ் போலீஸ்கிட்ட சொன்னார், அவங்க பிடிச்சு விசாரிச்சுட்டு விட்டுட்டாங்க, அந்தப் பொண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லல, கொலை நடந்துடுச்சு. டாரசாஃப் வழக்குன்னு பேரு, 1976ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஆபத்துல இருக்கிறவங்களப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு தெரபிஸ்டுக்கு உண்டுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்கப்புறம் நிறைய நாடுகள்ல இந்த மாதிரி விதிவிலக்கு வந்துச்சு, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து, தன் உயிருக்கே உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, கோர்ட் உத்தரவு. இடத்துக்கு இடம் சட்டம் மாறும், அதனால முதல் செஷன்லயே ‘எதெல்லாம் வெளிய சொல்லுவீங்க, யார்ட்ட, நீங்க எழுதுற நோட்ட யாரெல்லாம் பார்க்கலாம்’னு கேளுங்க. அவங்க பெரும்பாலும் ஒரு ஒப்புதல் படிவம் நீட்டுவாங்க, நாம கையெழுத்துப் போட்டுட்டு திருப்பிக் குடுத்துடுறோம், படிக்கிறதில்ல. படிங்க.

இதுல ரொம்ப முக்கியமான ஒண்ணு இருக்கு. செத்துப்போயிடலாம் போல இருக்குன்னு நெனப்பு வர்றத சொன்னா உடனே வீட்டுக்குப் போன் போட்டுடுவாங்க, ஆஸ்பத்திரில அடைச்சுடுவாங்கன்னு பயந்து நிறைய பேர் அத மட்டும் மறைச்சுடுறாங்க. நானும் மறைச்சேன், முதல் தடவை. உண்மையில நெனப்பு வர்றது வேற, எப்படி எப்பன்னு திட்டம் இருக்கிறது வேற, பயிற்சி உள்ளவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும், பதறாம கேப்பாங்க, எவ்வளவு அடிக்கடி வருது, ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா, தடுக்கிறது எதுன்னு. ரெண்டாவது தெரபிஸ்ட் வானிலை கேக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமா கேட்டார், நானும் சொல்லிட்டேன், வீட்டுல யாருக்கும் போன் போகல, இருட்டான வேளைல என்ன செய்யணும், யாரக் கூப்பிடணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தாள்ல எழுதினோம், அது இப்பவும் என் பர்ஸ்ல இருக்கு. திட்டம் இருக்கு, கை நடுங்குதுன்னா அடுத்த புதன்கிழமை செஷனுக்காக காத்திருக்கக் கூடாது, உடனே எமர்ஜென்சிக்கு, இல்ல பக்கத்துல இருக்கிற யார்ட்டயாவது.

மாத்திரையா தெரபியான்னு வீட்டுல பட்டிமன்றம் வைக்காதீங்க. சில பேருக்கு தெரபி மட்டும் போதும், கொஞ்சம் கடுமையான டிப்ரஷனுக்கு ரெண்டும் சேர்ந்தா நல்லா வேலை செய்யுது, ஒரேயடியா உற்சாகம், ஒரேயடியா சோர்வுன்னு மாறி மாறி வர்ற பைபோலார் மாதிரி விஷயத்துல மாத்திரை இல்லாம முடியாது. தெரபி நல்லாப் போகுதுன்னு மாத்திரைய நீங்களா நிறுத்துறது ரொம்ப தப்பு, எழுதினவர்ட்ட கேட்டுத்தான்.

சில எல்லைகள். தெரபிஸ்ட் நம்ம ஃப்ரெண்ட் இல்ல, ஆகவும் கூடாது, சொந்தக்காரரோ கூட வேலை பார்க்கிறவரோ நமக்குத் தெரபி பண்ணக் கூடாது, அவரோட பிசினஸ்ல நாம சேரக் கூடாது. உடம்பு ரீதியா, காதல் ரீதியா ஒரு சின்ன சாடை காட்டினாக் கூட எழுந்து வந்துடணும், அது எந்த முறைலயும் எந்த நாட்டுலயும் சிகிச்சை கிடையாது, புகார் குடுக்கலாம். செஷன் முழுக்க தன் சொந்தக் கதையே பேசுறவர், அடுத்த பேஷன்ட் கதைய பேரோட சொல்றவர், ‘என்ன விட்டா உனக்கு வேற கதியில்ல’ங்கிற மாதிரி பேசுறவர், நூறு சதவீதம் குணம்னு கேரன்டி குடுக்கிறவர், இவங்களுக்கெல்லாம் ரெண்டாவது வாய்ப்பு வேண்டாம். மணியப் பார்க்கிறவருக்குக் குடுக்கலாம். ஒரு செஷன் 45, 50 நிமிஷம், அடுத்தவர் வெளிய காத்திருக்கார், அழுதுக்கிட்டிருக்கிற ஆள அப்படியே வெளிய அனுப்பாம ஒரு நெலைக்குக் கொண்டு வந்து முடிக்கணும்னா மணி பார்த்துத்தான் ஆகணும். எனக்கு இது தெரிய ரெண்டு வருஷம் ஆச்சு.

ஆன்லைன்ல பண்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, ஹெட்போன் போடுங்க, கதவ சாத்துங்க. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்காங்கன்னா நீங்க பேசுறது அவங்களுக்காகத்தான் இருக்கும். வீட்டுல கேப்பாங்க, என் வீட்டுலயும் கேட்டாங்க, ‘என்னப் பத்தி என்ன சொன்னீங்க?’ முதல்ல திருதிருன்னு முழிச்சேன். அப்புறம் ‘பெரும்பாலும் என்னப் பத்திதான்மா பேசுறேன், முடிஞ்சதும் சொல்ல வேண்டியது இருந்தா நானே சொல்றேன்’னு சொல்லப் பழகிக்கிட்டேன். அவ நம்பல, ஆனா விட்டுட்டா.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ரெண்டாவது தெரபிஸ்ட்ட்டயும் அஞ்சாவது செஷன்ல அதே எரிச்சல் வந்துச்சு. நான் ஒரு பெரிய விஷயத்த சொல்லி முடிச்சேன், அவரு ஒண்ணும் சொல்லாம இருந்தார். எனக்கு பழைய மாதிரியே ‘நன்றி சார்’னு சிரிச்சுட்டு அடுத்த வாரம் வேலை இருக்குன்னு மெசேஜ் போடணும்னு கை அரிச்சுது. அன்னைக்கு என்னமோ சொல்லிட்டேன், ‘சார், நீங்க பேசாம உக்காந்திருந்தா எனக்கு கோவம் வருது, இனிமே வரணுமான்னு யோசிக்கிறேன்’. சொன்னதுக்கப்புறம் காது சூடாயிடுச்சு, திட்டுவார்னு நெனச்சேன். அவரு முன்னாடி நகந்து உக்காந்து, ‘இத சொன்னது நல்லதாப் போச்சு. நான் பேசாம இருக்கிறப்ப நான் என்ன நெனக்கிறேன்னு உங்களுக்குத் தோணுது?’ன்னார். ‘போர் அடிக்கிறான்னு நெனக்கிறீங்க’ன்னேன். ‘வேற யார்ட்ட இப்படித் தோணியிருக்கு?’ன்னார். அன்னைக்கு மிச்ச முப்பது நிமிஷமும் அதுலயே போச்சு. மூணு வேலைய இப்படித்தான் விட்டிருக்கேன், ஒரு வார்த்தை சண்டை போடாம, சிரிச்சுக்கிட்டே. ரெண்டு நல்ல சிநேகிதத்த இப்படித்தான் விட்டேன். கூடப் பொறந்தவன்ட்ட ஆறு வருஷமா பேசல, ஏன்னு அவனுக்கே தெரியாது. மனசுல இருக்கிறத முழுங்கிட்டு சத்தமில்லாம கழண்டுக்கிறது, அதான் என் வியாதி, ராத்திரி ரெண்டு மணி படபடப்பு அந்த முழுங்கினது எல்லாம் திரும்பி வர்ற நேரம்.

வெளிய மத்தவங்கள்ட்ட நாம எப்படி இருக்கோமோ அதே மாதிரிதான் அந்த ரூமுக்குள்ள தெரபிஸ்ட்ட்டயும் இருப்போம்னு ஃப்ராய்டு காலத்துலயே கவனிச்சிருக்காங்க. பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் இன்னொண்ணும் பார்த்திருக்காங்க, தெரபிஸ்டுக்கும் நமக்கும் நடுவுல ஒரு விரிசல் வந்து அத ரெண்டு பேரும் பேசி சரி பண்ணினாங்கன்னா, அந்த சரி பண்றதே சிகிச்சைல பெரிய பங்கு. நான் அந்த மேடம்ட்ட ‘நீங்க மணியப் பார்த்தது எனக்கு வலிச்சுது’ன்னு சொல்லியிருந்தா நாலாவது செஷன்லயே இந்த இடத்துக்கு வந்திருப்போமோ என்னமோ. வராமலும் இருந்திருக்கலாம், சில ஜோடி பொருந்தாது, அப்ப மாத்திக்கலாம், அவங்களே வேற ஆள சொல்லுவாங்க, அவங்களுக்கு அது புதுசில்ல. ஆனா மாத்துறதையும் முகத்துக்கு நேரா சொல்லிட்டு மாத்தணும். முடிக்கிறதும் அப்படித்தான், நல்லாயிட்டேன்னு தோணினா காணாமப் போகாம, கடைசியா ஒண்ணு ரெண்டு செஷன் அதுக்குன்னே ஒதுக்கி, என்ன மாறிச்சு, திரும்ப வந்தா முதல் அறிகுறி எதுன்னு பேசி முடிக்கணும். நான் 22 செஷன் போனேன். என் வாழ்க்கைல ‘போயிட்டு வர்றேன்’னு சொல்லிட்டு வந்த முதல் இடம் அதுதான்.

ஆசிரியர் சார், நான் கேக்கிறது சின்ன விஷயம். அடுத்த தடவை ‘நிபுணரை அணுகவும்’னு போடுறப்ப கூட ரெண்டு வரி சேருங்க, முதல் நாள் என்ன கேக்கலாம்னு ஒரு வரி, பிடிக்கலன்னா அவங்கள்ட்டயே சொல்லலாம்னு ஒரு வரி. இந்த லெட்டர் நீளமா இருக்குன்னு எனக்கே தெரியுது, எடிட் பண்ணாம போட மாட்டீங்க. வெட்டறதுன்னா வியன்னா கதைய வெட்டிக்கோங்க, என் கதையக் கூட கொறைச்சுக்கோங்க, அந்த செத்துப்போற நெனப்பப் பத்தி எழுதின பத்திய மட்டும் அப்படியே விட்டுடுங்க. வெட்டிட்டீங்கன்னா நான் கோவத்துல பேப்பர நிறுத்திட்டு பேசாம இருந்துட மாட்டேன், போன் பண்ணி கேப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்